தொட்டிக்கு மருந்து

மார்ச் 5

கண் அறுவைக்குப் பிறகு இன்றுதான் எழுத அனுமதி கிடைத்தது. குனியக் கூடாது, கனமானதைத் தூக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. வலது கண்ணில் புதிய வில்லை. நீலம் எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது. மேகமலை நேற்றுத்தான் யாரோ வந்து வெள்ளையடித்து நீலம் கலந்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. வீட்டில் எல்லோரும் அதை ஆளுக்கொரு முறை நினைவூட்டுகிறார்கள். மனைவி பவுலின் அடுப்படியிலிருந்து கேட்கிறாள், மகள் ரெஜினா ஒயின் ஷெட்டிலிருந்து கேட்கிறாள், மைத்துனர் சந்தியாகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்கிறார். இன்று காலை பால்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

பிற்பகல் ஷெட்டில் ஒயின் தொட்டியின் வெப்பம் பார்த்துக் குறித்தேன். கொஞ்சம் கூடுதல்தான். அதைச் சுற்றியிருக்கும் ஈரச் சாக்கை மாற்றச் சொன்னேன்.

மார்ச் 6

ரெஜினா நாளை நாசிக் போகிறாள். அங்கே ஒரு வாரம் பெரிய தோட்டக்காரர்கள் கூடுகிறார்கள். நம் ஒயினைக் கொண்டுபோய் ருசி காட்ட வேண்டும். போகும் முன் என்னை ஷெட்டுக்குள் அழைத்து எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னாள்.

பெரிய தொட்டியில் இருப்பது இந்த ஆண்டுச் சிவப்பு. பன்னீர்த் திராட்சையும் கொஞ்சம் ஷிராஸும். பூச்சிமருந்து படாத தோட்டம் என்று சான்று கிடைத்தபின் வந்த முதல் அறுவடை. இந்தச் சான்றுக்காக ரெஜினா, பவுலினின் பங்கு நிலத்தில் மூன்று ஆண்டுகள் வேப்பெண்ணெயும் மோர்க்கரைசலும் மட்டுமே அடித்தாள். பாதிக் கொத்து சாம்பல் நோயில் போனபோது ஊரே சிரித்தது. ஆகவே இந்தத் தொட்டி வெறும் தொட்டி அல்ல.

புளிப்பின் கூர்மை குறைந்து ஒயின் மென்மையாகும் கட்டம் இப்போது நடக்கிறது. மாதிரி பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. கூர்மை முழுதும் மாறிவிட்டது என்று அங்கிருந்து முடிவு வந்தவுடன் கந்தகத் தூளைக் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அதைத் தள்ளிப்போட்டால் ஒயின் காடியாகிவிடும். சான்றுக்காரர்கள் மிகக் குறைந்த அளவுதான் அனுமதிக்கிறார்கள். அந்த அளவை அவளே நிறுத்து, காகிதத்தில் மடித்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

"ரிசல்ட் வந்ததும் நான் சொல்றேம்ப்பா. நீங்க வெந்நீல கரைச்சு மேல ஊத்திக் கலக்கிவிட்டாப் போதும்."

"பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்" என்றேன், சரிபார்ப்பதற்காக.

"அதேதான். இங்க உள்ள ஜனத்துக்கு எல்லாமே மருந்துதான். நீங்க ஒருத்தர்தான் அதோட முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுறீங்க" என்று சிரித்தாள்.

முப்பத்தைந்து ஆண்டு வேதியியல் பாடம் நடத்தியவனுக்கு ஒரு பொட்டலத்தைக் கரைப்பது பெரிய காரியமில்லை. ஆனாலும் வெந்நீர் எவ்வளவு சூடு என்று கேட்டிருக்கலாம்.

மார்ச் 8

பூசைக்குப் போனோம். வெயில் கண்ணாடி போட்டிருந்ததால் ஃபாதர் என்னை அடையாளம் தெரியாமல் "புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். பவுலின் வீடு வரும்வரை சிரித்தாள்.

மார்ச் 10

மாலை ரெஜினா போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல், யாரோ ஒலிபெருக்கியில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ மெசேஜ் அனுப்பியதாகச் சொன்னது அரைகுறையாகக் கேட்டது. என் போன் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெட்டிக்குள்தான் கிடக்கிறது, வெளிச்சம் கூசுகிறது. பவுலின் போனில்தான் பேசினேன். ஒயினை நான்கு பேர் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. மருந்து போட்டாச்சா என்று கேட்டாள். காலையிலேயே போட்டாச்சும்மா, சாப்பிட்ட உடனே போட்டுட்டேன் என்றேன். சரிப்பா, நிம்மதி என்றாள்.

பெங்களூர் முடிவு இன்னும் வரவில்லைபோல. அவள் சொல்லாமல் நானாகக் கேட்பது அவசரப்படுத்துவதுபோல் இருக்கும்.

மார்ச் 12

தொட்டி வெப்பம் நேற்றுப்போலவே.

மார்ச் 15, ஞாயிறு

ரெஜினா நேற்று மாலை திரும்பினாள். இன்று பூசைக்கு வரவில்லை, ஷெட்டில் வேலை இருக்கிறது என்றாள். நாங்கள் திரும்பியபோது முகம் வாடியிருந்தது. பயணக் களைப்பு. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காரணம் ஒன்றும் இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொட்டலம் தராசுக்குப் பக்கத்தில் இல்லை. முடிவு வந்து அவளே கலந்திருப்பாள். கேட்கவில்லை.

மார்ச் 18

ரெஜினா கம்பத்திலிருந்து ஒரு மாத்திரைப் பெட்டி வாங்கி வந்தாள். கிழமைக்கு ஓர் அறை. ரத்த அழுத்த மாத்திரையை இனி அம்மா அதில் எடுத்து வைப்பாள் என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது, கையில் எடுத்தால் கிலுகிலுக்கிறது.

சாப்பிடும்போது இன்று என்ன கிழமை என்று கேட்டாள். புதன் என்றேன். தோட்ட வேலையில் நாள் போவது தெரியாது, பாவம்.

மார்ச் 21

மதுரை போனோம். வழக்கமான கண் டாக்டர் இல்லை, வேறொருவர், மூன்றாவது மாடியில். கண்ணும் கையும் ஒத்துழைக்கின்றனவா என்று பார்ப்பவராம். ரெஜினா சொன்னாள். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் கோணக் கூடாதென்று மேசைமேல் இருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்து வரைந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஐந்து சொற்கள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நான்கு சொன்னேன். ஐந்தாவது நினைவுக்கு வந்தபோது பஸ் உசிலம்பட்டியைத் தாண்டிவிட்டது. தாழம்பூ.

ரெஜினாவிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 26

பவுலின் சந்தைக்குப் போயிருந்தபோது வெந்நீர் வைத்தேன். திரும்பி வந்தவள், கேஸ் எரிந்துகொண்டே இருக்கிறது, பாத்திரத்தில் சொட்டு நீரில்லை என்றாள். என் பிழைதான். தொட்டிச் சாக்கை நனைக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

ரெஜினாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். பவுலின் தலையாட்டினாள். ஆனால் அவள் தலையாட்டலை ஐம்பது வருடமாக அறிவேன்.

மார்ச் 30

சந்தியாகு வந்தார். ரெஜினா மே மாதம் முழுதும் நாசிக்கில் இருக்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு கடைக்காரர்கள் கூட்டமைப்போடு பேச்சு நடக்கிறது. அவள் இல்லாத மாதத்தில் தொட்டியை யார் பார்ப்பது என்பதுதான் பேச்சு.

"மொத்த வியாபாரிக்கே தூக்கிக் குடுத்திரு ஆத்தா. டேங்கர்ல வந்து உறிஞ்சிட்டுப் போயிருவான். அவன் எதோட கலக்குவானோ, என்ன பேரு ஒட்டுவானோ, நமக்கென்ன? காடியாப் போனா மாட்டுக்குக்கூட ஊத்த முடியாது."

மூன்று வருடம் உழைத்தவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "யோசிக்கிறேன் மாமா" என்றாள்.

ஒயினில் எனக்குத் தெரியாத குறை ஏதோ இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

பவுலின் தவக்காலம் முழுதும் ஒயினைத் தொடவில்லை. இன்று மதியம்தான் ஒரு கிளாஸ். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரெஜினா நாசிக்கில் படித்த பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பவுலின் இரண்டு மிடறு குடித்தாள். "போன வருசத்துது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. நாமளாப் போயிப் பேச்சுக் குடுக்கணும். இது அப்படியில்ல. வாசல்லயே வந்து வாங்க, உக்காருங்கன்னு சொல்லுது."

ரெஜினா எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அங்க ஒரு ஆளு அரைப் பக்கம் எழுதினான்ம்மா, இதத்தான்."

எனக்கும் பிடித்திருந்தது. கறிக்குழம்போடு சண்டை போடவில்லை. துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தட்டிவிட்டுப் போயிற்று. குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

சந்தியாகு மூன்றாவது கிளாசில் பழைய பேச்சை எடுத்தார். "நல்லாத்தேன் இருக்கு. மே மாசம் வரைக்கும் இப்படியே இருக்கணும்ல. மச்சானுக்கு இருக்கறதே ஒண்ணரைக் கண்ணு."

"போன தடவ நான் இல்லாதப்ப அப்பாதான மாமா தொட்டிக்கு மருந்து போட்டாங்க" என்றாள் ரெஜினா.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சந்தியாகுவைப் பார்த்துச் சொன்னாள், கொஞ்சம் வேகமாக. பவுலின் குனிந்து தட்டில் இருந்த எலும்பை எடுத்துப் போட்டாள்.

நான் போடவில்லை.

போட்டதாக எனக்கு நினைவில்லை என்று எழுதுவதுதான் சரி.

ஏப்ரல் 7

ஷெட்டில் தேடினேன். மடித்த காகிதமும் இல்லை, கரைத்த குவளையும் வழக்கமான இடத்தில் இல்லை. நான் போட்டிருந்தால் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பேன். அது என் பழக்கம். ஆனால் பழக்கம் சாட்சியாகாது.

ஏப்ரல் 8

ரெஜினா கம்பம் போயிருந்தபோது தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தேன். அயோடின், ஸ்டார்ச். கந்தகம் இல்லையென்றால் முதல் சொட்டிலேயே நீலம் வரும். சிவப்பு ஒயினில் நீலத்தைப் பிடிப்பது இளைஞர்களுக்கே சிரமம். எனக்கோ புதிய கண், எதைப் பார்த்தாலும் நீலம். தண்ணீர் விட்டு வெளிறச்செய்து, பின்னால் டார்ச் பிடித்து, பழைய கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். பிறகு மறுபடியும்.

கந்தகம் இருக்கிறது. ரெஜினா நிறுத்து வைத்த அளவுக்குப் பொருந்துகிறது.

ஆகவே ஒயின் பத்திரமாக இருக்கிறது. அதற்காக மகிழ வேண்டும். அவள் நான் போட்டதாகச் சொல்கிறாள். ரெஜினா பொய் சொல்லும் பெண் இல்லை. தொட்டியும் அதையே சொல்கிறது. என் தலை மட்டும்தான் வேறு சொல்கிறது.

ஏப்ரல் 9

தனிம வரிசை அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லை. ஆனால் அது பழையது. பழையது கடைசியில்தான் போகுமாம். மார்ச் பத்தாம் தேதி காலை என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். இட்லியா, ஊத்தப்பமா. தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும் என்றும் தோன்றியது.

அந்த மூன்றாவது மாடி டாக்டரின் அறை வாசலில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அன்றே படித்தேன். படிக்கவில்லை என்பதுபோல் உள்ளே போனேன்.

ஏப்ரல் 12

ஷெட் சாவியை ரெஜினாவிடம் கொடுத்தேன். முழங்கால் வலிக்கிறது, ஏணி ஏற முடியவில்லை என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என நினைத்தேன். "சரிப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். தயாராக இருந்ததுபோல உடனே கையை நீட்டினாள்.

ஏப்ரல் 16

மொத்த வியாபாரி வந்து குடித்துப் பார்த்தார். ரொம்ப நல்லா இருக்கு, தனியா விக்க வேண்டிய சரக்கு, எங்ககிட்ட வந்தா பத்தோட பதினொண்ணு என்று அவரே சொன்னார். நாணயமான மனிதர். ரெஜினா சரி என்றுவிட்டாள், திங்கட்கிழமை டேங்கர் வரும்.

ரெஜினா மாலை முழுதும் பந்தலுக்கடியில் நடந்துகொண்டிருந்தாள். பவுலின் போய்க் கூட்டிவந்தாள்.

ஏப்ரல் 18

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சொட்டு மருந்து இப்போது இரண்டு வேளையாகக் குறைந்திருக்கிறது. மாலை ஒரு வேளை. நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் விட்டு, மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவுலின் துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, மருந்து போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு" என்றேன்.

கண்ணை மூடியபடியே இருந்தேன். மருந்து கன்னத்தில் வழிந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்துப் பவுலின் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"பவுலின், அந்தத் தூள தொட்டியில யாரு போட்டா?"

"எந்தத் தூளு?"

"உனக்குத் தெரியும்."

கையிலிருந்த வேட்டியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அவதான். ஊர்லருந்து வந்த மறுநா, நாம கோயிலுக்குப் போயிருந்தோமே, அப்ப. பொட்டலம் வச்சது வச்ச எடத்துல இருந்துச்சாம். நீங்க போன்ல போட்டாச்சுன்னு சொன்னீங்களாம், சாப்பிட்டுட்டுப் போட்டேன்னு வெவரமா வேற சொன்னீங்களாம். அழுதுட்டா புள்ள. ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

"அவ கேட்டது தொட்டிக்கு. நான் சொன்னது கண்ணுக்கு."

பவுலின் என்னையே பார்த்தாள். பிறகு வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று கண்டுபிடிப்பதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது நிம்மதியாக இருக்க வேண்டும். ஓரளவு இருக்கிறேன். ஆனால் கேஸ் எரிந்தது உண்மை. தாழம்பூ பஸ்ஸில்தான் வந்தது. என் பக்கம் முழு நியாயம் இருப்பதாக என்னால் எழுத முடியாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினாவை ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். போகும் வழியிலேயே இரண்டு முறை திரும்பிவிடலாமென்று தோன்றியது. என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். உள்ளே போனதும் ஒத்திகை மறந்துவிட்டது.

"மார்ச் மாசம் போன்ல மருந்து போட்டாச்சான்னு கேட்டியே. கண்ணுக்கா, தொட்டிக்கா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அப்பா. சாப்பிட்ட உடனே போட்டேன்னு சொன்னீங்க. சோத்துக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்னு நான் அன்னைக்கே நெனச்சேன்." சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் முதலில் நிறுத்தினாள். "அப்ப ரிசல்ட் வந்ததும் நான் அனுப்புன மெசேஜ்?"

"பாக்கல. போன் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அது என் தப்பு."

"நான் என்னென்னவோ நெனச்சிட்டேம்ப்பா."

"மதுரை டாக்டர் என்ன சொன்னார்?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியுமா ஒங்களுக்கு?"

"வாசல்ல மறதி நோய்ப் பிரிவுன்னு போர்டு இருந்தது."

"வயசுக்கு உள்ளதுதான், பயப்பட ஒண்ணும் இல்ல, ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னாரு. ஆனா நான் நம்பல. தொட்டி விசயத்த மனசுல வச்சுக்கிட்டு, அவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். அப்புறம் கேஸு வேற."

"கேஸ் நான்தான். அதுக்குச் சாக்குப்போக்கு கிடையாது."

எனக்கு உரக்கப் பேச வராது. ஆனால் இதைச் சொல்லாமல் வெளியே வரக் கூடாது என்று இருந்தேன்.

"பொட்டலம் அங்கேயே இருக்குன்னு பார்த்தவுடனே என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா ஒடுங்கிப் போயிருவீங்கப்பா. ஒங்களத் தெரியாதா எனக்கு? சாம்பார்ல உப்பில்லன்னு சொன்னாலே, நான்தான் சமைச்சேனோன்னு யோசிப்பீங்க."

"நீ கேக்காததாலதான் நான் ஒடுங்கினேன். நானே போட்டுட்டு மறந்துட்டேன்னு ரெண்டு வாரமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அயோடின் வச்சுக்கூடப் பார்த்தேன்."

"சோதிச்சீங்களா? எப்ப?"

"நீ கம்பம் போயிருந்தப்ப."

அவள் கண் நிறைந்தது. நான் மேற்கொண்டு சொன்னேன். "தப்பு செஞ்சா எங்கிட்ட சொல்லு. என் முகத்துக்கு நேரா சொல்லு. எனக்குத் தெரியாமத் திருத்தாத. நாளைக்கு நிஜமாவே மறதி வந்தாலும் அப்படித்தான். நீ சொல்லாம விட்டா, எது என் தப்பு, எது இல்லன்னு எனக்கே தெரியாமப் போயிரும்."

தலையாட்டினாள்.

"டேங்கர் என்னாலதான் வருதா?"

கூடையின் விளிம்பை நகத்தால் நிமிண்டினாள்.

"மே மாசம் நான் பாத்துக்கறேன். தினமும் போன் போடு. எதைக் கேட்டாலும் பேரைச் சொல்லிக் கேளு."

"பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்னு மூச்சு முட்டச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. சாவியையும் தரவில்லை. யோசிக்கிறேன் என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. சலுகையாகக் கொடுப்பவள் யோசிக்க மாட்டாள்.

ஏப்ரல் 20

காலை சந்தியாகு வந்தார். "மச்சான், டேங்கர் சின்னமனூர் தாண்டிருச்சு. தொட்டியத் தெறந்து வைக்கச் சொல்லுங்க."

ரெஜினா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சாவி அவள் விரலில் இருந்தது.

"திருப்பி அனுப்பிருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சந்தியாகுவுக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்துவிட்டது. கோழிகள் ஒதுங்கின.

"யாரு பாப்பா?"

"நான்."

"ஒங்களுக்குத்தேன் முழங்காலு..."

"முழங்கால்ல ஒண்ணும் இல்ல மாமா. அது பொய்" என்றாள் ரெஜினா.

சந்தியாகு எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "காடியாப் போகட்டும், எனக்கென்ன. ஊறுகாய்க்கு ஆகும்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டேங்கர் டிரைவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். ரெஜினா வியாபாரியிடம் தானே பேசி மன்னிப்புக் கேட்டாள்.

சாவி மேசைமேல் இருக்கிறது. என்னுடையதா அவளுடையதா என்று யாரும் சொல்லவில்லை. மாலை தொட்டி வெப்பம் பார்க்கப் போக வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டேன்.

மே 14

ரெஜினா தினமும் கூப்பிடுகிறாள். நேற்று, தொட்டியின் மேல்மட்டம் ஒரு விரல் இறங்கியிருப்பதை நான் கவனிக்கவில்லை என்று, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். போனிலேயே திட்டினாள். சின்னத் தொட்டியிலிருந்து எடுத்து, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பினேன்.

மே 30

புட்டியில் அடைக்கும் நாள். ரெஜினா நேற்றே வந்துவிட்டாள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் பாதி முடித்துவிட வேண்டுமென்று எல்லோரையும் விரட்டினாள். கந்தக அளவும் புளிப்பும் அவளே பார்த்தாள், தொட்டி கெடவில்லை. நாசிக் கடைக்காரர்கள் முதல் பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். சந்தியாகு இரண்டு பெட்டி தனக்கு வேண்டும் என்று கேட்டார். ஊறுகாய்க்கா என்று பவுலின் கேட்டாள். அவர் காதில் விழாததுபோல இருந்துவிட்டார்.

ரெஜினா என்னைக் குழாய்ப் பக்கம் நிறுத்தினாள். கழுவும் பெண்கள், மூடி அடிப்பவர்கள், சந்தியாகு, பவுலின் எல்லோரும் இருந்தார்கள். பத்துப் புட்டிகூடப் போயிருக்காது.

"அப்பா, நிறுத்துங்க. கழுத்து முட்ட ஊத்துறீங்க. கார்க்கு எங்க போகும்? முந்தி வச்ச அத்தனையும் அப்படித்தான் இருக்கு. எல்லாத்தையும் திருப்பி எடுங்க."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி, "வாத்தியாருக்கே மார்க்கு போச்சு" என்றாள். நான் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

பவுலின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "புள்ள அத்தன பேரு முன்னால திட்டுறா. நீங்க என்ன, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

அடுத்த புட்டியைக் குழாய்க்கடியில் வைத்தேன். அதிலும் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. ரெஜினா பார்க்கிறாளா என்று திரும்பினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.